உப்பாகிப் போன பெண்ணும் காலத்தின் மூத்த மகனும்

“நல்லதும் கெட்டதும் ஒரே வீட்டுப் பிள்ளைங்கதான். அந்த வீட்டுக்காரரைக் கண்டுபிடிச்சு…”

இவ்வளவுதான் மாஹ்யாருக்கு நினைவிருந்தது. சொன்னவர் நெருப்புக் கோயிலில் சாம்பல் அள்ளிக்கொண்டிருந்த கிழவர். அவர் சொன்னபோது மாஹ்யார் சின்னப் பிள்ளை; வாய் நிறைய மாதுளை முத்துகள். கண்டுபிடித்துக் கேட்க வேண்டும் என்றாரா, கண்டுபிடித்துப் பயனில்லை என்றாரா, அது அப்போதே காதில் சரியாக விழவில்லை. கிழவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

இதெல்லாம் எப்போது நடந்தது என்றால், மலைகள் அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் போல ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருந்த காலத்தில். மேற்கே, கடலுக்கும் அப்பால், உப்புப் பாலைவனத்தின் ஓரமாக ஜரஸ்தான் என்று ஒரு ராஜ்ஜியம். அந்த நாட்டார் நெருப்பைக் கும்பிடுகிறவர்கள். மாஹ்யார் அங்கே ஒரு விறகுவெட்டி. கோயில் நெருப்புக்குக் காய்ந்த கட்டையும், வேண்டுதல்காரர்களுக்கு மெல்லிய மாதுளைக் குச்சியும் வெட்டிக் கொடுப்பது அவன் தொழில்.

குச்சி எதற்கு என்று கேட்பீர்கள். அந்த ஊரில் எதையாவது வேண்டிக்கொள்வதென்றால் ஒரு பிடி குச்சியைக் கட்டாகக் கட்டி, இடது கையில் பிடித்தபடி நெருப்புக்கு முன்னால் நிற்க வேண்டும். மனசில் துளிச் சந்தேகம் வரக்கூடாது. ‘இது நடக்குமா’ என்று ஒரு நொடி தோன்றிவிட்டால் போச்சு; கட்டை அவிழ்த்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய், மறுநாள் புதுக் கட்டோடு வர வேண்டும். ஆண்பிள்ளை வேண்டி வந்த ஒரு பானைக்காரன், மாதக்கணக்கில் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தான். “என்னப்பா, இன்னைக்கும் அவிழ்த்தாச்சா?” என்று தெருவே கேலி செய்யும். மாஹ்யாருக்குக் குச்சி விற்றுக்கொண்டே இருந்தது.

அவனுக்கு மனைவி தினாஸ். ஒரே மகள் கோஹர், ஏழு வயது.

ஒரு நாள் காலையில் கோஹரின் கால்விரல்கள் வெள்ளையாக இருந்தன. மாவில் மிதித்துவிட்டாள் என்று தினாஸ் ஈரத்துணியால் துடைத்தாள். போகவில்லை. தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்பு.

விரலில் தொடங்கியது கணுக்காலுக்கு ஏறியது. கணுக்காலிலிருந்து முழங்காலுக்கு ஏறியது. பெண்ணுக்கு வலி ஒன்றும் இல்லை. முற்றத்தில் உட்கார வைத்த இடத்தில் உட்கார்ந்திருப்பாள். “அப்பா, ஆடு வந்து காலை நக்குது, விரட்டு” என்பாள். முதல் தடவை கேட்டபோது அவனுக்குச் சிரிப்பு வந்தது. சுண்டுவிரல் கொஞ்சம் தேய்ந்திருப்பதைப் பார்த்த பிறகு வரவில்லை. அன்றிலிருந்து தினாஸ் கையில் கோலோடு மகள் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். உப்பு நெஞ்சுவரை ஏறினால் என்ன ஆகும் என்று இருவருமே வாய்விட்டுப் பேசவில்லை.

கோயில் தலைவர் வந்து பார்த்தார். தகப்பன் ஈர விறகைக் கோயிலுக்குப் போட்டிருப்பான், அதன் பலன் என்றார். வைத்தியர் வந்து பார்த்தார். தாய் கர்ப்பமாக இருந்தபோது தின்னக்கூடாததைத் தின்றிருப்பாள் என்றார். எதிர்வீட்டு அம்மாள் வந்து பார்த்தாள். பெண் சாம்பலை மிதித்திருக்கும், நானே பார்த்த மாதிரி நினைவு என்றாள். நம் பக்கமாக இருந்தால் போன ஜென்மத்தையும் யாராவது இழுத்திருப்பார்கள். மூன்று பேர், மூன்று காரணம். மூன்றிலும் குற்றம் அந்த வீட்டுக்குள்ளேயே இருந்தது.

மாஹ்யார் மூன்று பேரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டான். “ஏழு வயசுப் பிள்ளை என்ன செஞ்சிருக்கும்?”

மூன்று பேரும் செருப்பைத் தேடினார்கள்.

அன்று சாயங்காலம் அவன், சாம்பல் அள்ளிய கிழவர் சொன்னதில் தனக்கு நினைவிருந்த பாதிப் பேச்சைத் தினாஸிடம் சொன்னான். அவள் ஆட்டை ஒரு அதட்டு அதட்டிவிட்டுச் சொன்னாள். “அப்ப அந்த வீட்டுக்காரர்கிட்டயே போய்க் கேளுங்க. சொல்லாம அனுப்பினா வாசல்லயே உக்காருங்க. ஆட்டை நான் பார்த்துக்கறேன்.”

அவன் உப்புப் பாலைவனத்தில் இறங்கி நடந்தான். தரையும் வெள்ளை, வானமும் வெள்ளை. நடுவில் பச்சையும் நீலமுமாக ஏதோ துடித்தது. கிட்டே போனால், முள்ளுப் புதரில் தோகை சிக்கிய ஒரு மயில்.

“இழுக்காதே” என்றது மயில். “ஒரு இறகு குறைஞ்சாலும் என்னைச் செஞ்சவனுக்கு நான் பதில் சொல்லணும்.”

மாஹ்யார் உட்கார்ந்து, முள்ளை ஒவ்வொன்றாக வெட்டி எடுத்தான். ஒரு இறகும் குறையவில்லை. மயில் தோகையை உதறிப் பார்த்துக்கொண்டு, எங்கே இந்தப் பக்கம் என்று விசாரித்தது. அவன் சொன்னான்.

“அந்த வீடு எனக்குத் தெரியும். அவரோட மூத்த மகன்தான் என்னைச் செஞ்சவன்.”

“நல்லவரா?”

“உன் பெண்ணை உப்பாக்கினதும் அவன்தான்.”

பிறகு மயில் விவரம் சொன்னது. அந்த மூத்தவன் செய்வதெல்லாம் தேள், கொள்ளைநோய், கடுங்குளிர், பொய். உன்னால் நல்லதைச் செய்யவே முடியாது என்று யாரோ சொல்லப்போக, “முடியாம இல்லை, மனசில்லை” என்று சொல்லிவிட்டு, ஒரே ஒரு மயிலைச் செய்து காட்டினானாம். அதோடு சரி.

“அப்ப உன் குரல் ஏன் இப்படி?” என்று மாஹ்யார் கேட்டான்.

“முடிக்கற நேரத்துல அவனுக்குச் சலிச்சுப் போச்சு” என்றது மயில்.

வீட்டுக்கு வழி கேட்டபோது மயில் அவனை உட்காரச் சொன்னது. அந்த வீட்டைத் தேடி நடந்தால் தூரம் நீளும், உட்கார்ந்தால் வீடு வந்து சேரும். இருவரும் உட்கார்ந்தார்கள். நிழல் நீண்டது, சுருங்கியது, மறுபடி நீண்டது. நிமிர்ந்து பார்த்தால் எதிரே ஒரு மதில், ஒரு வாசல்.

வாசலை ஒரு வாலிபன் பெருக்கிக்கொண்டிருந்தான். துடைப்பம் போன இடமெல்லாம் வெளிச்சமாக இருந்தது. அவன் பெயர் ஓர்மஸ்த். அந்த வீட்டின் இளைய மகன். ஒரு குவளைத் தண்ணீர் கொடுத்து, “அப்பா உள்ளே இருக்கார், நேராப் போங்க” என்றான். பக்கத்திலிருந்து ஒரு கைப்பிடி இருட்டு வந்து பெருக்கிய இடத்தில் விழுந்தது. அவன் சலித்துக்கொள்ளாமல் அதை மறுபடி பெருக்கினான்.

உள்ளே அணைந்துபோன அடுப்புக்கு முன்னால் ஒருவர் உட்கார்ந்திருந்தார். நேராகப் பார்த்தால் கிழவர், பக்கவாட்டில் பார்த்தால் குழந்தை. அந்நாட்டார் அவரை ஜுர்வான் என்பார்கள். நாம் காலம் என்கிறோம். அவருடைய இடது கை எதையோ பிடித்திருப்பது போல வளைந்திருந்தது. கையில் ஒன்றும் இல்லை. நெடுநாள் பிடித்துப் பிடித்து விரல்கள் அப்படியே நின்றுவிட்டன.

மாஹ்யார் கும்பிட்டுவிட்டுக் கேட்டான். “ஐயா, ஏழு வயசுப் பிள்ளை என்ன செஞ்சிருக்கும்?”

காலம் மெதுவாகச் சொல்லத் தொடங்கினார். வானம் இல்லை, பூமி இல்லை, அவர் ஒருவர் மட்டும் இருந்த நாள் அது. ஒரு மகன் வேண்டும், அவன் வானத்தையும் பூமியையும் செய்ய வேண்டும் என்று அவருக்கு ஆசை. குச்சிக்கட்டைக் கையில் பிடித்து ஆயிரம் வருஷம் வேள்வி செய்தார். ஆயிரம் முடியப்போகிற நேரம். அப்போது ஒரு எண்ணம் வந்தது: இவ்வளவு செய்கிறோமே, இதனால் ஏதாவது ஆகுமா?

அந்த ஒரு எண்ணம்தான். வேள்வியிலிருந்து ஒரு மகன் கருவானான், சந்தேகத்திலிருந்து இன்னொருவன். தன் வயிற்றுக்குள்ளே இரண்டு பேர் என்று தெரிந்ததும் அவர் வாக்குக் கொடுத்துவிட்டார்: முதலில் என் முன்னால் வருகிறவனுக்கே உலகத்து ராஜ்ஜியம். வெளிச்சமானவன்தான் வாசலுக்குப் பக்கத்தில் இருந்தான், அவன்தான் முதலில் வருவான் என்று நம்பினார். அந்த வெளிச்சமானவன், அப்பா இப்படி நினைக்கிறார் என்று அண்ணன் தம்பிப் பேச்சாக மற்றவனிடம் சொல்லிவிட்டான். அவனுக்கு மறைக்கத் தெரியாது. மற்றவன் கேட்டான், கிழித்துக்கொண்டு வெளியே வந்தான், முன்னால் நின்றான். அவன்தான் அஹ்ரிமான், மூத்தவன்.

“நான் உங்க மகன்னு சொன்னான்” என்றார் காலம். “நான் சொன்னேன், என் மகன் வெளிச்சமா இருப்பான், வாசனையா இருப்பான், நீ இருட்டா இருக்கே, நாத்தம் அடிக்கறே, நீ என் மகன் இல்லைன்னு. அப்புறம் சின்னவன் வந்தான். ஆனா வாக்கு வாக்குதானே. ஒன்பதாயிரம் வருஷம் மூத்தவன் ஆளட்டும், அதுக்கப்புறம் எல்லாம் சின்னவனுக்குன்னு சொல்லிட்டேன். அந்த ஒன்பதாயிரத்துக்குள்ளதான் உன் பெண் பிறந்திருக்கா.”

“அப்ப அவ செஞ்ச குத்தம்?”

“ஒண்ணுமில்லை. அவளைச் சோதிக்கவும் இல்லை, தண்டிக்கவும் இல்லை. குத்தம் என்னோடது.”

மாஹ்யாருக்குக் கோபம் வரவில்லை. அவன் குச்சி விற்கிறவன். அவனுக்கு வந்தது வேறு யோசனை.

“சந்தேகம் வந்தா கட்டை அவிழ்த்துட்டு மறுபடி கட்டறதுதானே ஐயா வழக்கம்? எங்க ஊர்ல பானைக்காரன்கூடச் செய்யறானே.”

“அந்த வழக்கம் எனக்கு அப்புறம் வந்தது. என்னைப் பார்த்துத்தான் வந்தது. ஆயிரம் வருஷம் பிடிச்ச கட்டு, இன்னும் கொஞ்சம்தானே பாக்கின்னு நினைச்சேன்.”

வாக்கைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாமே என்று மாஹ்யார் கேட்டான். காலம் தலையை அசைத்தார். இரவுக்குப் பின்னால் பகல் வருவதும், பனிக்குப் பின்னால் துளிர் வருவதும் அவர் கொடுத்த வாக்குகள்தாம். ஒன்றை உருவினால் எல்லாம் சரியும். செய்தவனிடமே போய்க் கேள், அவனும் இந்த வீட்டில்தான் இருக்கிறான் என்று கொல்லைக் கதவைக் காட்டினார்.

கொல்லைக் கதவுக்கு அந்தப் பக்கம் பெரிய சபை மண்டபம். தூண்களில் தவளைகள், தரையில் எறும்புச் சாரை, மூலையில் ஆளுயர உப்புப் பொம்மைகள். அவை எல்லாமே ஒரு காலத்தில் பொம்மையாக இல்லை என்று மாஹ்யாருக்குத் தெரிந்தது. சிங்காதனத்தில் மூத்தவன் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். மயிலைப் பார்த்து, “எங்கே சுத்திட்டு வரே?” என்று மட்டும் கேட்டான்.

மாஹ்யார் தன் கேள்வியைக் கேட்டான். மூத்தவன் கொட்டாவி விட்டான்.

“உன் பெண்ணைத் திருப்பித் தரேன். ஒண்ணே ஒண்ணு செய். ஊர் நெருப்புக்கு முன்னால நின்னு, என் பெண் குத்தம் செஞ்சா, அதுக்குத்தான் இப்படி ஆச்சுன்னு சொல்லு. ஒரே ஒரு தடவை. கால் வந்துடும்.”

மாஹ்யார் நின்றான். ஒரு வாக்கியம்தான். சொன்னால் யாருக்கு என்ன நஷ்டம்? ஊரே ஏற்கனவே அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறது. உப்பு இந்நேரம் தொடைக்கு வந்திருக்கும்.

“எதுக்கு அப்படிச் சொல்லச் சொல்றீங்க?” என்றான்.

“நீங்க எல்லாரும் அப்படிச் சொல்ற வரைக்கும் என்னை யாரும் தேடி வர்றதில்லை. நிம்மதியா இருக்கேன்.”

மாஹ்யார் தலையைச் சொறிந்தான். “என்னால முடியாதுங்க. கால் வந்ததும் அவ நடந்து நேரா என்கிட்டதான் வருவா. அப்பா, நான் என்ன செஞ்சேன்னு கேப்பா. அதுக்கு என்கிட்ட பதில் இல்லை.”

“அப்ப போ.”

அவன் போகத் திரும்பினான். இரண்டு அடி வைத்தான். அப்போதுதான் அவனுக்கு மயில் சொன்னது மனசில் ஓடியது. நின்று, தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல, ஆனால் கேட்கும்படியாகச் சொன்னான்.

“எல்லாம் எங்க ஊர்ல சொன்ன மாதிரிதான் இருக்கு. உப்பாக்கத்தான் இவருக்குத் தெரியும், திருப்ப இவரால முடியாது, அதுக்குத் தம்பிகிட்டதான் போகணும்னாங்க.”

“முடியாம இல்லை” என்றான் மூத்தவன். “மனசில்லை.”

“இருக்கலாங்க. மயிலைக்கூட நீங்க செஞ்சதா இது சொல்லுது. எங்க ஊர்ல தம்பி செஞ்சதுன்னுதான் சொல்றாங்க.”

மூத்தவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். “தம்பியா?”

“இவ்வளவு அழகா இருக்கறதை வேற யார் செய்வாங்கன்னு கேக்கறாங்க.”

மூத்தவன் மயிலைப் பார்த்தான். மயிலுக்குப் பயம்தான். இருந்தாலும் முள்ளில் கிடந்த நினைப்பு அதற்கு இருந்தது. “ஆமா” என்றது. “நான் போற ஊர்ல எல்லாம் அப்படித்தான் சொல்றாங்க. நானும் இல்லைன்னு சொல்லிச் சொல்லிப் பார்த்துட்டு விட்டுட்டேன்.”

“முடியாம இல்லை” என்று மூத்தவன் மறுபடி சொன்னான். இந்தத் தடவை குரல் உயர்ந்திருந்தது.

“சரிங்க” என்றான் மாஹ்யார். “தம்பி வாசல்லதான் பெருக்கிட்டு இருக்கார். போற வழியில கேட்டுக்கறேன்.”

“நில்லு. முடியாம இல்லைன்னு சொல்றேன் இல்ல?”

மூத்தவன் எழுந்து வந்து, தரையை நோக்கி ஒரே ஒரு ஊது ஊதினான். மயில் தோகையை விரித்தது. தோகையின் கண்கள் ஒவ்வொன்றிலும் மாஹ்யாரின் முற்றம் தெரிந்தது. கோஹர் உட்கார்ந்திருந்தாள். தினாஸ் அசந்த நேரம் பார்த்து ஒரு ஆடு வந்து பாதத்தை நக்கியது. உப்பு பொலபொலவென்று உதிர்ந்தது. உள்ளேயிருந்து ஒரு கால், பழைய கால், சுண்டுவிரலோடு வந்து ஆட்டின் மூஞ்சியில் ஒரு உதை விட்டது.

மாஹ்யார் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு மண்டபத்துத் தரையில் உட்கார்ந்து அழுதான்.

மூத்தவனுக்கு நடந்தது புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் கத்தவில்லை. சிங்காதனத்தில் போய்ப் பழையபடி சாய்ந்துகொண்டான். “என் காலம் இன்னும் நிறைய இருக்கு. அடுத்த தடவை மயில் கதை எடுபடாது” என்றான். தெரியும் என்று மாஹ்யார் சொன்னான். மயில் அவனோடு வரவில்லை. இது என் வீடு, இவனுக்கும் பார்க்க ஏதாவது ஒன்று வேண்டாமா என்றது.

திரும்பும் வழியில் காலம் அவனை நிறுத்தினார்.

“அவனேவா செஞ்சான்?”

“அவரேதாங்க.”

காலம் கொல்லைக் கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மாஹ்யார் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பினான். வெளியே உட்கார்ந்து கண்ணை மூடினான். திறந்தபோது ஊர் வந்திருந்தது.

முற்றத்தில் கோஹர் ஓடிக்கொண்டிருந்தாள். அவன் எதிர்பார்த்தபடியே முதலில் அதைத்தான் கேட்டாள். நீ ஒன்றும் செய்யவில்லை என்றான் அவன். அவளுக்கு அது போதுமாக இருந்தது. மறுபடி ஓடப் போய்விட்டாள். கோயில் தலைவரும் வைத்தியரும் எதிர்வீட்டு அம்மாளும் வந்தார்கள். மூன்று பேரிடமும் அவன் நடந்ததைச் சொன்னான், ஒன்றையும் மறைக்கவில்லை. தலைவர் நெடுநேரம் யோசித்து, அடுத்த நாளிலிருந்து, நோயாளி வீட்டுக்குப் போனால் யார் குற்றம் என்று கேட்பதில்லை என்று கோயிலில் ஏற்பாடு செய்தார். எதிர்வீட்டு அம்மாள் மட்டும், எனக்கு அந்தச் சாம்பல் மேல்தான் சந்தேகம் என்று சொல்லிவிட்டுப் போனாள். உதிர்ந்த உப்பை ஆடுகள் தின்று தீர்த்தன. அந்த வருஷம் ஜரஸ்தானிலேயே கொழுத்த ஆடுகள் மாஹ்யார் வீட்டு ஆடுகள்தான். ராஜாவே ஆள் அனுப்பி விசாரித்தார், அரண்மனைக் காட்டை அவன் பொறுப்பில் விட்டார்.

மறு வசந்தத்தில் தினாஸுக்கு இரட்டைப் பிள்ளைகள் பிறந்தன. அந்த ஊரில் இரட்டை பிறந்தால் மருத்துவச்சி உடனே ஒரு சிவப்பு நூலை முதலில் வந்த பிள்ளையின் மணிக்கட்டில் கட்டிவிடுவாள். வீடும் காடும் சொல்வாக்கும் அந்தக் கைக்குத்தான். தகப்பன் பார்க்க, அவன் வாய்ச்சொல்லோடு கட்ட வேண்டும்.

மருத்துவச்சி நூலோடு வெளியே வந்தாள். தயங்கித் தயங்கிச் சொன்னாள். முதலில் வந்தது கறுத்துப்போய், மேலெல்லாம் அழுக்காக, அழக்கூட இல்லாமல் கிடக்கிறது. இரண்டாவது விளக்கு மாதிரி இருக்கிறது. “உள்ளே நானும் உன் சம்சாரமும்தான் இருந்தோம். அவ கண்ணை மூடிட்டிருந்தா. நீ சொல்றதுதான் முடிவு. எந்தக் கையில கட்டட்டும்?”

மாஹ்யார் நூலைத் திரும்ப எடுத்துப் போகச் சொன்னான். தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, இரண்டு பிள்ளைகளையும் ஒன்றாகக் கொண்டுவந்து தன் மடியில் போடச் சொன்னான்.